எம்.டெக்கா, பிஎச்.டி.யா? தோல் ஊர்ப் பிள்ளைகள் சேரும் முன்

குரோம் பதனிடும் டேனரிகளில் ஒரு சோதனை உண்டு. டிரம்மிலிருந்து எடுத்த ஈர நீலத் தோலில், அதாவது வெட் புளூவில், ஒரு சின்னத் துண்டை வெட்டுவார்கள். அதைத் தாளின் மேல் வைத்து, ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவார்கள். பிறகு கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, அதே கோட்டின் மேல் மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். கோட்டோடு பொருந்தினால் குரோம் சரியாக ஏறியிருக்கிறது. சுருண்டு போயிருந்தால் அந்த லாட்டில் கோளாறு.

சுருண்ட துண்டைக் கையில் எடுக்கும் எம்.டெக். பொறியாளர், பதனிடும் முன் தோலை ஊறவைக்கும் பிக்கிள் கரைசலில் அமிலம் எவ்வளவு இருந்தது, காரம் சேர்த்தது அவசரப்பட்டா, நாளைய லாட்டில் இது வராமல் என்ன செய்வது என்று யோசிப்பார். சாயங்காலத்துக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அதே துண்டைப் பார்க்கும் ஆராய்ச்சியாளரின் கேள்வி வேறு. குரோமே இல்லாமல் இந்தக் கொதிநீரைத் தாங்குகிற தோலைச் செய்ய முடியுமா? அதற்கு நாலைந்து வருடம் ஆகும். கடைசியில் ‘முடியாது’ என்ற விடை வந்தாலும் அது ஆராய்ச்சிதான்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்து வீடுகளில் இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார், அப்பா டேனரியில் ஃபினிஷிங் பார்க்கிறார். மகள் பி.டெக். முடித்துவிட்டாள். ‘மேலே படி’ என்கிறார்கள். மேலே என்றால் எம்.டெக்., அதற்கும் மேலே டாக்டர் பட்டம், பெரிய படிப்புக்குப் பெரிய வேலை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. எம்.டெக். இரண்டு வருடத்தில் ஒரு தொழிலுக்குத் தயார்ப்படுத்துகிறது. பிஎச்.டி. ஆராய்ச்சி என்ற இன்னொரு தொழிலில் கொண்டுபோய் விடுகிறது.

இந்த வட்டாரத்தில் பொறியாளருக்கு ஏன் வேலை இருக்கிறது என்று பாருங்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றைக் கெடுத்தவர்களே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் டேனரி நடத்த முடியாது என்ற நிலை உறுதியானது. 2015 மே மாதம் முதல், உடலில் படும் தோல் பொருளில் ஆறிணைய குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்தது. அதே வருடம் ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுநீர்ச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் செத்துப்போனார்கள். தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் அவர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாறு விஷயத்தில் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தை ஒழுங்காக ஓட்டவும், தொட்டிச் சுவரின் பலத்தைக் கணக்குப் போடவும், குரோமியம் வரம்புக்குள் இருக்கிறதென்று ஆய்வகத்தில் உறுதி செய்யவும் ஆள் வேண்டும். இந்த வேலைகளுக்கு, தொழிற்சாலையில் புராஜெக்ட் செய்த நல்ல எம்.டெக். போதும். இங்கே பிஎச்.டி.யைக் காட்டினால், ‘இவர் தங்குவாரா, சம்பளம் அதிகம் கேட்பாரா’ என்று முதலாளி தயங்கவும் கூடும்.

பிஎச்.டி.க்கு இங்கே இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கழிவுநீரை ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பதற்கு முழுத் தீர்வு இன்னும் வரவில்லை. அது ஒருவர் வாழ்க்கையைக் கொடுக்கத் தகுந்த கேள்வி. சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், ரசாயனக் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகள், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஆசிரியப் பணி ஆகியவை அந்தப் பாதையில் இருக்கின்றன. ஆனால் கல்லூரியில் பாடம் நடத்தத்தானே பிஎச்.டி. என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் 2019 விதிகளின்படி பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.இ. அல்லது எம்.டெக். தகுதியே போதும். இணைப் பேராசிரியர் ஆவதற்குத்தான் பிஎச்.டி. கட்டாயம்.

எனக்கு அதிகம் கவலை தருவது காத்திருப்பு பிஎச்.டி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது ஷூ, தோல் ஏற்றுமதியாளர்களுக்குப் பெரிய அடி விழுந்தது. ‘மார்க்கெட் சரியாகட்டும், அதுவரை ஆராய்ச்சியில் சேர்ந்துகொள்கிறேன்’ என்று அப்போது இளைஞர்கள் பேசக் கேட்டேன். மார்க்கெட் ஒரு வருடத்தில் எழலாம், பிஎச்.டி. ஒரு வருடத்தில் விடாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம். நடுவில் விட்டால் கையில் பட்டமும் இருக்காது, அனுபவமும் இருக்காது.

பணத்தையும் பேசிவிடுவோம். கேட் மதிப்பெண்ணோடு, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதம் வரை. பிஎச்.டி.யில் மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதன்பிறகு 42,000. இந்த உதவித்தொகை எதுவும் இல்லாமல், கைக்காசைக் கட்டி முழுநேர பிஎச்.டி. சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர பிஎச்.டி. நல்ல வழி. கம்பெனியிலிருந்து தடையின்மைச் சான்று வாங்கினால் சம்பளத்தை விடாமல் படிக்கலாம். தபாலில், ஆன்லைனில் பிஎச்.டி. என்று யார் சொன்னாலும் அது செல்லாது. 2025 ஜனவரியில் ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் ஐந்து வருடத்துக்குப் பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யுஜிசி தடை போட்டது. ஆய்வேட்டை எழுதித் தருகிறோம் என்று வரும் ஏஜென்டுகளிடமும் போகாதீர்கள். 60 சதவீதத்துக்கு மேல் நகல் என்று தெரிந்தால் பதிவே ரத்தாகும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கட்டணச் சலுகை என்று சொல்லி ஒரு கல்லூரி அவனை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டது. அசல் சான்றிதழ்களையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. எட்டு மாதம் கழித்து ஒரு ரசாயனக் கம்பெனி வேலை கொடுத்து, பத்து நாளில் அசலோடு வரச் சொன்னது. ‘இரண்டு லட்சம் கட்டிவிட்டு எடுத்துக்கொள்’ என்றார்கள். அவன் அப்பா கையைப் பிசைந்துகொண்டு அலுவலக வாசலில் நின்றதை நான் பார்த்தேன். வேலை போய்விட்டது. அசலைப் பிடித்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது. இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி எதுவானாலும், அசலைச் சரிபார்த்த உடனே மாணவர் கையில் திருப்பித் தர வேண்டும். சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னால் விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக மீதி முழுவதும் திரும்பக் கிடைக்கும். தள்ளிப்போகப் போகத் தொகை குறையும், கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆகிவிட்டால் ஒன்றும் வராது. ஆகவே விலகுவதென்றால் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

பிஎச்.டி. சேரும் பெண்களுக்குக் கூடுதலாகச் சில உரிமைகள் இருக்கின்றன. கால வரம்பில் இன்னும் 2 வருடம், மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்புக்கு மொத்தம் 240 நாள் வரை விடுப்பு. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால் ஆராய்ச்சித் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போகலாம். இதைக் கேட்டு வாங்குவது சலுகை கேட்பதல்ல.

சேரும் முன் கைடிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பேராசிரியர் ஒரு நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிநடத்தக் கூடாது. அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கைடிடம் சேராதீர்கள்.

பிரச்சினை வந்துவிட்டால், யுஜிசியின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அது புகாரை 15 வேலை நாளுக்குள் விசாரித்து அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அரசு நிறுவனத்தில் உதவித்தொகை நின்றுபோய்க் காரணம் சொல்ல மறுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மத்திய அரசு நிறுவனமானாலும் தமிழ்நாடு அரசு நிறுவனமானாலும் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.