காகம் பூனையைக் கொத்துவது ஏன்?

கோடைக் காலம். காலை வேளை. வீட்டுப் பூனை மதில் சுவர் மேல் நடந்து போகிறது.

திடீரென்று வேப்ப மரத்தில் இருந்து ஒரு காகம் பாய்ந்து வருகிறது. பூனையின் தலையில் ஒரு கொத்து! பூனை திரும்பிப் பார்ப்பதற்குள், இன்னொரு காகம் பின்னால் வந்து வாலைப் பிடித்து இழுக்கிறது. "கா, கா" என்ற சத்தம் கேட்டு அக்கம் பக்கத்துக் காகங்கள் எல்லாம் கூடிவிடுகின்றன. பூனை வாழை மரத்தின் அடியில் ஓடி ஒளிகிறது.

நேற்று வரை சும்மா இருந்த காகத்துக்கு இன்று ஏன் இத்தனை கோபம்?

மரத்தில் இருக்கும் ரகசியம்

அந்த வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்தால் காரணம் தெரியும். கிளைகளுக்கு நடுவே, சுள்ளியாலும் கம்பித் துண்டுகளாலும் கட்டிய கூடு ஒன்று இருக்கும். அதில் முட்டையோ, குஞ்சோ இருக்கும்.

தமிழ்நாட்டில் காகம் பெரும்பாலும் கோடையில்தான் கூடு கட்டும். 3 முதல் 5 முட்டை வரை இடும். 16 அல்லது 17 நாட்களில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்ப மேலும் 3 அல்லது 4 வாரம் ஆகும்.

அதுவரை ஆண் காகமும் பெண் காகமும் காவல் காக்கும். பூனை மரம் ஏறும். குஞ்சு கிடைத்தால் தின்னும். இது காகத்துக்குத் தெரியும். ஆகவே, காகத்தின் கோபம் வீண் கோபம் அல்ல. பெற்ற பாசம்தான் அது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காகத்தின் கூட்டில் குயில் திருட்டுத்தனமாக முட்டை இட்டுவிடும். பூனையோடு சண்டை போட்டுக் காகம் காப்பாற்றுவது சில சமயம் குயிலின் குஞ்சாகவும் இருக்கும்!

அடித்து விரட்டலாமா?

பூனைக்காகப் பரிந்து கொண்டு சிலர் காகத்தின் மேல் கல் எறிகிறார்கள். கூட்டைக் கலைக்கிறார்கள். இதனால் பலன் இல்லை. காகத்துக்கு ஞாபக சக்தி அதிகம்.

2006-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர், ஒரு முகமூடி அணிந்து கொண்டு 7 காகங்களைப் பிடித்து, பிறகு விட்டுவிட்டார்கள். அதன் பின் அந்த முகமூடியோடு யார் போனாலும் காகங்கள் கூட்டமாகக் கத்தின. பல ஆண்டுகள் ஆகியும் மறக்கவில்லை. பிடிபடாத காகங்களும் சேர்ந்து கத்தின!

நம் ஊர்க் காகமும் அதற்கு நெருங்கிய உறவுதான். ஆகவே, காகத்தைப் பகைத்துக் கொள்ளாமல் பூனையைக் காப்பதே நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

கூட்டில் முட்டை வந்தது முதல் குஞ்சு வெளியேறும் வரை 6 அல்லது 7 வாரம். அந்த நாட்களில் பகலில் பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள். ஜன்னலுக்குக் கம்பி வலை இருந்தால் நல்லது.

குஞ்சு கூட்டை விட்டு இறங்கி, நன்றாகப் பறக்கத் தெரியாமல் தத்தித் திரியும் நாட்களில்தான் ஆபத்து மிக அதிகம். அந்தச் சில நாட்கள் பூனையை வெளியே விடவே கூடாது.

பூனைக்கு மீன் தலையும் பால் சோறும் முற்றத்தில் வைப்பது பலர் வழக்கம். அது காகத்தை விருந்துக்கு அழைப்பது போல் ஆகும். பூனைக்குச் சோறு வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

தோட்டத்தில் பூனை ஓடி ஒளிய ஓர் இடம் இருக்கட்டும். பழைய பெஞ்சு ஒன்றைப் போட்டாலும் போதும்.

காகக் குஞ்சு தரையில் விழுந்து கிடந்தால், தலைக்குக் குடை பிடித்துக் கொண்டு போய், அதை எடுத்துத் தாழ்ந்த கிளையில் வையுங்கள். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு. தாய் வந்து இரை ஊட்டும்.

குட்டிகள் ஜாக்கிரதை

பிறந்த பூனைக்குட்டியின் எடை சுமார் 100 கிராம்தான். கண் திறக்கவே ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். அதைக் காகமும் கொத்தும், பருந்தும் தூக்கும். மொட்டை மாடியில் பூனை குட்டி போட்டிருந்தால், குட்டிகளை உடனே வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள்.

பெரிய பூனையைப் பருந்து தூக்கிப் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். பருந்தின் எடையே ஏறத்தாழ ஒரு கிலோவுக்குள்தான். வளர்ந்த பூனை 3, 4 கிலோ இருக்கும்.

காயம் பட்டால்...

காகம் கொத்தினால் பெரும்பாலும் தலையில்தான் காயம் படும். காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் எண்ணெயோ, மஞ்சளோ போடாமல் உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தாமதித்தால் கண்ணே போய்விடலாம்.

மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே குடித்துவிடும்.

குஞ்சுகள் நன்றாகப் பறக்கத் தொடங்கியதும் காகத்தின் கோபம் தானாகவே தணிந்துவிடும். அதுவரை பொறுத்தால் பூனையின் கண்ணும் தப்பும். காகத்தின் குஞ்சும் பிழைக்கும். மதில் சுவர் மறுபடியும் பூனைக்கே!