கரண்டு போனா போனும் போயிடுமா?

குழுக் கூட்டங்களில் நம்மிடம் பலரும் கேட்கும் கேள்வி இது.

பழைய தரைவழி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து செம்புக் கம்பி வழியாகவே சுமார் 48 வோல்ட் மின்சாரம் வந்தது. அதனால் வீட்டில் கரண்டு இல்லாவிட்டாலும் பேசினோம். இப்போது பல வீடுகளில் இன்டர்நெட்டும் போனும் ஒரே ஃபைபர் இழையில் வருகின்றன. அந்த இழையில் வருவது வெளிச்சம் மட்டுமே, மின்சாரம் இல்லை. சுவரில் மாட்டும் மோடம் பெட்டி நம் வீட்டுக் கரண்டில்தான் ஓடும். போன் ஒயரையும் அதில்தான் சொருகுகிறோம். ஆக, கரண்டு போனால் இரண்டும் போச்சு!

நடுராத்திரி பிரசவ வலி வந்தால் 108-ஐ எப்படிக் கூப்பிடுவது? மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி மாட்டுங்க. பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைக் கடையில் காட்டிக் கேளுங்க. செல்போனிலும் எப்போதும் சார்ஜ் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்கும் இதைச் சொல்வோம்!