விளையாட்டு எப்போது நோயாகிறது?

“மகன் எந்நேரமும் கேம் விளையாடுகிறான். அதற்கு அடிமையாகிவிட்டானா, டாக்டர்?” மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களுள் பலர் எந்த விடை வந்தாலும் அஞ்சுகின்றனர். ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் பிள்ளையின் மீது மனநோயாளி என்ற முத்திரை விழுந்துவிடுமோ என்பது ஓர் அச்சம். ‘இல்லை’ என்றால், இத்தனை மாதங்கள் வீட்டில் பட்ட பாடெல்லாம் தங்கள் வளர்ப்பின் குறையாகக் கருதப்படுமோ என்பது மற்றோர் அச்சம். மருத்துவ உலகமும் இக்கேள்வியில் நெடுங்காலம் ஒருமித்து நிற்கவில்லை.

மதுவின் பிடியில் சிக்கியவரைப் ‘போதைக்கு அடிமை’ என்கிறோம். இத்தொடரில் இரண்டு கருத்துகள் பிணைந்துள்ளன. உடலுக்குள் செல்லும் ஒரு பொருள் தரும் மயக்கம் ஒன்று. தன் விருப்பப்படி நடக்க இயலாத நிலை மற்றொன்று. வீடியோ கேமில் முதலாவது கிடையாது. இரண்டாவது மட்டும் தனித்து நிற்கக்கூடுமா, அப்படி நின்றால் அதனை நோய் எனலாமா என்பதே விவாதம்.

இதற்கு வழிகாட்டியது சூதாட்டம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோயறி கையேட்டில் 1980ஆம் ஆண்டு சூதாட்ட நோயை முதன்முறையாகச் சேர்த்தபோது, மனத்தூண்டலைக் கட்டுப்படுத்த இயலாத குறைபாடாகவே அதை வைத்தது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் மது, போதைப்பொருள் நோய்களின் அருகே அதற்கு இடம் கிடைத்தது. உடலில் எந்தப் பொருளும் செல்லாமலேயே ஒருவர் அடிமைநிலைக்கு உள்ளாகலாம் என்பது அவ்வாறு ஏற்கப்பட்டது. அதே பதிப்பு இணைய விளையாட்டுக் குறைபாட்டையும் குறிப்பிட்டது. ஆயினும் முழுமையான நோயாக அதை ஏற்கவில்லை; மேலும் ஆய்வு தேவைப்படும் நிலைகளின் பட்டியலில் வைத்தது.

உலக சுகாதார நிறுவனம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. அதன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘விளையாட்டுக் குறைபாடு’ ஒரு நோயாக, சூதாட்ட நோய்க்கு அடுத்த இடத்தில் உள்ளது. அதற்குரிய அடையாளங்கள் மூன்று. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு தளர்ந்திருத்தல். பிற விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும் பின்னுக்குத் தள்ளி விளையாட்டே முதலிடம் பெறுதல். தீங்கு நேர்வது தெரிந்தும் அது தொடர்தல் அல்லது பெருகுதல். இவற்றால் குடும்பம், கல்வி, தொழில், நட்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க பாதிப்பு நேர்ந்திருக்க வேண்டும். பொதுவாக இந்நிலை 12 மாதங்களேனும் நீடித்திருக்க வேண்டும். கடுமையான நிலையில் அதற்கு முன்னரும் நோயென முடிவு செய்யலாம்.

இவ்வரையறையில் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு எங்கும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வீடுகளில் நடக்கும் சண்டையோ பெரும்பாலும் மணிக்கணக்கைப் பற்றியே. கோடை விடுமுறையில் நாள்தோறும் நான்கு மணி நேரம் விளையாடும் ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். முணுமுணுத்துக்கொண்டேனும் உணவுக்கு எழுந்து வருகிறான். மாலையில் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். பள்ளி திறந்ததும் நேரம் தானே குறைகிறது. இன்னொருவன் விளையாடுவது மூன்று மணி நேரமே. ஆனால் அது நள்ளிரவுக்கு மேல், போர்வைக்குள். காலையில் எழ முடியாமல் வாரக்கணக்கில் பள்ளி செல்லவில்லை. நண்பர்களைத் தவிர்க்கிறான், தந்தையின் பணத்தை எடுத்துக் கேமில் செலவிட்டதை மறைக்கிறான். தானே நிறுத்த முயன்று இருமுறை தோற்றிருக்கிறான். மருத்துவர் கவலைப்படுவது இந்த இரண்டாமவனைக் குறித்தே.

இவ்வகைப்பாட்டை எதிர்த்த அறிஞர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் வரைவை முன்வைத்த காலத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுகூடி மறுப்புக் கட்டுரை எழுதினர். அளவுகோல்கள் பெருமளவு போதைப்பொருள் நோய்களிலிருந்து எடுத்தாளப்பட்டவை, சான்றுகள் இன்னும் வலுப்பெறவில்லை, நலமாக விளையாடும் கோடிக்கணக்கான இளைஞர்கள் மீதும் வீண்பழி விழும் என்பன அவர்கள் வாதங்கள். அவற்றுள் எங்களுக்கு மிகவும் பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றுவது வேறொன்று. மிகையான விளையாட்டு பல வேளைகளில் நோயின் காரணமாக அன்றி, வேறொரு நோயின் விளைவாக இருக்கலாம். மனச்சோர்வு, சமூக அச்சம், கவனக்குறைவு நோய், பள்ளியில் பிறரின் கேலியும் துன்புறுத்தலும் எனப் பலவற்றிலிருந்து ஒதுங்க, பிள்ளைக்குக் கிடைத்த ஒரே இடம் திரையாக இருக்கலாம். அந்த ஒதுங்கிடத்தை மட்டும் இடித்துவிட்டு உள்ளே இருக்கும் நோயை விட்டுவிட்டால் பயனில்லை.

எண்ணிக்கையும் நிதானத்தையே அறிவுறுத்துகிறது. சுமார் 19,000 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாடுவோருள் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் எந்த அறிகுறியும் காணப்படவில்லை. நோய் எனச் சொல்லத்தக்க நிலை 0.3 முதல் 1 சதவீதத்தினருக்கே இருக்கக்கூடும் எனத் தெரிந்தது. வேறு ஆய்வுகள் கூடுதலான அளவுகளைத் தருகின்றன. கேட்கும் கேள்விகள் மாறினால் விடையும் மாறுகிறது.

எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சிலருக்கு இது மெய்யான அடிமைநிலையே. அவர்கள் துன்பத்தை ‘சோம்பல்’ என்றோ ‘செல்லம் கொடுத்ததன் விளைவு’ என்றோ ஒதுக்குவது தவறு. ஆனால் விளையாட்டில் ஆர்வம் கொண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பெயரைச் சூட்டுவதும் தவறே.

மூளையைப் பற்றி உலவும் ஒரு செய்தியையும் இங்கே தெளிவாக்கலாம். 1998இல் இலண்டன் ஆய்வாளர்கள் எட்டு ஆண்களிடம் நடத்திய ஆய்வில், வீடியோ கேம் ஆடும்போது மூளையில் டோபமைன் சுரப்பது கண்டறியப்பட்டது. ‘கேமும் கொக்கைனும் ஒன்றே’ என்ற பேச்சுக்கு இவ்வாய்வைச் சிலர் துணைக்கழைப்பதுண்டு. சுவையான உணவும் விருப்பமான இசையும்கூட டோபமைனைத் தூண்டுபவை. அது சுரப்பதாலேயே எதுவும் நோயாகிவிடாது.

கேம்களின் அமைப்பில்தான் கவலைக்குரிய கூறுகள் உள்ளன. எப்போது பரிசு கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் உந்துதல் வலுப்பெறுகிறது என்பது உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்து அறியப்பட்ட உண்மை. பணம் கட்டித் திறந்தால் உள்ளே என்ன இருக்குமோ என்று ஏங்க வைக்கும் ‘பரிசுப் பெட்டிகள்’ இந்த விதியின்படியே இயங்குகின்றன. பெல்ஜியம் 2018இல் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமாகவே கருதியது. இதனை அறிந்தால், பிள்ளைக்கு மனவுறுதி போதவில்லை என்று மட்டும் குற்றம் சாட்ட மாட்டோம். (பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவை வேறு வகை. அவற்றால் வரும் துன்பம் சூதாட்ட நோயின் கீழ் வரும். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்துள்ளது.)

மதுவைத் திடீரென நிறுத்துவது சிலருக்கு வலிப்பையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கேமை நிறுத்தினால் எரிச்சல், அமைதியின்மை, சோர்வு ஆகியவை வரலாம். உடலுக்கு அத்தகைய ஆபத்து இல்லை. ஆயினும் கைப்பேசியைப் பறித்து உடைப்பது நல்ல தொடக்கம் அன்று. குழுவாக இணையத்தில் ஆடும் பல ஆட்டங்களை இடையில் நிறுத்தி வைக்க இயலாது என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. ‘இந்த நொடியே வா’ என்பதைவிட ‘இந்த ஆட்டம் முடிந்ததும் வா’ என்ற உடன்பாடு பெரும்பாலும் நிலைக்கிறது. இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளையும், பெற்றோருடையவற்றையும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே வைப்பது நன்று. கைப்பேசியை வாங்கியதால் ‘செத்துப்போவேன்’ என்று பிள்ளை சொன்னால், அதை வெறும் மிரட்டல் என்று விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

விளையாட்டுக் குறைபாட்டுக்கென ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்ப்படுத்தும் உளவியல் சிகிச்சை, குடும்ப ஆலோசனை, தூக்கத்தை ஒழுங்குபடுத்துதல் ஆகியவையே முதன்மையானவை. உடன் மனச்சோர்வோ கவனக்குறைவு நோயோ இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014 முதல் இதற்கெனவே ‘ஷட்’ என்னும் தனிச் சிகிச்சைப் பிரிவை நடத்தி வருகிறது.

நீண்ட நாள் சிகிச்சைக்காக வார்டில் தங்கியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். ஊசிக்கும் கட்டு மாற்றுவதற்கும் இடையே பிள்ளை கேம் ஆடுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வலியை மறக்கச் செய்வதற்கென்றே, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பனியுலகில் நடப்பது போன்ற ஒரு மெய்நிகர் விளையாட்டை உருவாக்கியுள்ளனர்.

ஐயம் இருப்பின் பிள்ளை வர மறுத்தாலும் பெற்றோர் மட்டும் முதலில் வரலாம். இரண்டு வாரங்களுக்கு அவர் உறங்கிய நேரம், உணவு, பள்ளிக்குச் சென்ற நாட்கள், விளையாடும் கேமின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக் கொண்டு வாருங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.