நெகட்டிவ் துலக்குதலில் நீர்க்கலப்பும் கால அளவும்

ஒளி பட்ட பிலிமின்கண் உருவம் பதிந்திருந்தும் அது கண்ணுக்குப் புலனாவதில்லை. ஜெலட்டின் படலத்திலுள்ள வெள்ளி உப்பு மணிகளுள் ஒளி தீண்டியவற்றை மாத்திரம் வெள்ளியாக மாற்றி, மறைந்துள்ள உருவத்தை வெளிப்படுத்துவதே டெவலப்பரின் தொழில். அதனை எவ்வளவு நீருடன் கலப்பது, எத்தனை நிமிஷம் வைப்பது என்னும் இரண்டையும் புதிதாய்ப் பழகுவோர் பலர் உறையில் அச்சிட்ட அட்டவணைக்கே விட்டுவிடுகின்றனர். அட்டவணை பொய்யன்று, ஆயினும் அது 20 பாகை சென்டிகிரேட் உஷ்ணத்தை உத்தேசித்து வரையப்பட்டது. சித்திரை மாதத்தில் நம் குழாய் நீர் 30 பாகையைத் தொடும்பொழுது அதனை அப்படியே பின்பற்றுவோர்க்குக் கரிய நெகட்டிவே மிஞ்சும்.

கோடாக் கம்பெனியாரின் டி-76 என்னும் டெவலப்பரை உதாரணமாகக் கொள்வோம். 1927-ஆம் ஆண்டில் வெளிவந்த இது இன்றும் வழக்கிலுள்ளது. இல்போர்டு கம்பெனியாரின் ஐ.டி.-11 ஏறக்குறைய இதுவே. ஒரு லிட்டர் நீரில் மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், சோடியம் ஸல்பைட்டு 100 கிராம் சேர்ந்தது இக்கரைசல். ஸல்பைட்டின் அளவு மிகுதியாயிருத்தல் காண்க. அது டெவலப்பரைக் காற்றினின்று காப்பதோடு வெள்ளி மணிகளின் ஓரங்களையும் சிறிது கரைக்கின்றது. ஆகவே நீர் கலவாத கரைசலில் மணிகள் நுண்மையாய்த் தோன்றும். விளிம்புகளின் கூர்மையோ சற்றே குன்றும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் கலந்தால் ஸல்பைட்டு லிட்டருக்கு 25 கிராமாகிறது. கரைக்கும் வன்மை ஒடுங்க, மணிகள் பருத்துத் தோன்றினும் கூர்மை மிகும்.

நீர்க்கலப்பினால் விளையும் வேறொரு நன்மையும் உண்டு. வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவர் போன்ற இடங்களில் வேலை மிகுதி. அங்கே பிலிமை ஒட்டியுள்ள நீர்த்த டெவலப்பர் விரைவில் வலுவிழக்கின்றது. மரநிழலின் இடங்களிலோ அது தளராது தொழில் செய்கின்றது. இதனால் சுவர் வெளுத்துப் போகாமல் நிழலும் துலங்கும்.

இனிக் காலம். எச்.பி.5 பிளஸ் பிலிமுக்கு ஐ.டி.-11 கரைசலில் 20 பாகையில் விதித்த காலம்: நீர் கலவாமல் 7½ நிமிஷம், சமபங்கு நீருடன் 13 நிமிஷம், மூன்று பங்கு நீருடன் 20 நிமிஷம். உஷ்ணம் ஏறக் காலம் குறையும். 20 பாகையில் 4 நிமிஷம் வேண்டுமிடத்து 23 பாகையில் 3 நிமிஷம் போதும் என்பது இல்போர்டு கணக்கு. இவ்விகிதத்தை 30 பாகை வரை நீட்டிப் பார்த்தால், நீர் கலவாத கரைசலுக்கு 3 நிமிஷமே கிடைக்கும். 5 நிமிஷத்துக்குக் குறைந்தால் துலக்கம் ஒருபடித்தாயிராது. திராவகத்தை ஊற்றி வடிக்கும் நேரமே பெரும்பிழையாகிவிடும். மூன்று பங்கு நீருடனோ ஏறக்குறைய 8 நிமிஷம் உண்டு. ஐஸ் கிடையாதபோது வெப்பநாட்டினர்க்கு நீர்க்கலப்பே துணை என்பது என் துணிபு. ஐஸ் கிடைக்குமாயின் பாத்திரத்தைச் சுற்றி வைக்கவேண்டும், கரைசலுக்குள் இடலாகாது. கழுவும் நீரும் அதே உஷ்ணத்தில் இருத்தல் நலம். குளிர்ந்த படலம் திடீரெனச் சூடான நீரிற் பட்டால் ஜெலட்டின் சுருங்கி நெளியக்கூடும்.

அட்டவணைக் காலத்தைச் சில வேளை நாமே மாற்றவேண்டியதும் உண்டு. 1890-இல் ஹர்ட்டர், டிரிபீல்டு என்னும் இருவர் ஒளியின் அளவையும் நெகட்டிவின் கருமையையும் அளந்து கோடாக வரைந்து காட்டினர். துலக்கும் காலம் நீள நீள அக்கோடு செங்குத்தாகும். நிழற்பகுதியோ பெரும்பாலும் படம் பிடித்தபோது விழுந்த ஒளியினாலேயே நிர்ணயமாகிவிடுகின்றது. பின்னர் எத்துணை நேரம் துலக்கினும் இல்லாத நிழல் விவரம் வாராது. ஆதலின் உச்சிவெயிலில் எடுத்த சுருளுக்குச் சிறிது மிகுந்த ஒளி கொடுத்துக் காலத்தை ஐந்திலொரு பங்கு குறைக்கலாம். மேகமூட்டத்தில் எடுத்ததற்குச் சற்றே நீட்டலாம்.

நீர்க்கலப்பில் மறக்கலாகாத கணக்கொன்றுண்டு. 300 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு டாங்கியில் மூன்று பங்கு நீர் கலந்தால் மூலக்கரைசல் 75 மில்லிலிட்டரே இருக்கும். 36 படச் சுருளொன்றுக்கு 100 மில்லிலிட்டருக்குக் குறையாமல் வேண்டும். எனவே பெரிய டாங்கியே தக்கது. நீர் கலந்த கரைசலை ஒருமுறை பயன்படுத்தியதும் கொட்டிவிடல் வேண்டும். மூலக்கரைசலை மாத்திரம் கழுத்தளவு நிரம்பிய சீசாவில் மூடிவைக்கலாம்.