தொட்டியில் ஒரு கறிவேப்பிலை

காரியம் முடிந்ததும் கறிவேப்பிலையாய் எறிந்துவிட்டான் என்பது நம் ஊர் வழக்கு. நானோ தில்லியில் அதற்காகவே ஏங்கினேன். சந்தையில் இலை கிடைக்காமலில்லை. ஆனால் நான் விரும்பியது எங்கள் பாட்டி வைத்த மரத்தின் கன்று. அந்த வீடு விரைவில் கைமாறவிருந்தது.

முதலாண்டு தீபாவளிக்கு அம்மா விதை அனுப்பியிருந்தார்கள். வெண்டை விதையைப்போல் நன்றாக உலர்த்தி, டப்பாவில் காத்து வைத்த விதை. ஒன்றுகூட முளைக்கவில்லை! விஞ்ஞான மாணவனாகிய எனக்கு அப்போதுதான் உறைத்தது: நெல்லும் உளுந்தும் உலர்ந்தால் உறங்கும், கறிவேப்பிலை விதை உலர்ந்தால் இறக்கும். ஈரமே அதன் உயிர்.

மறு ஆண்டு ஆடியில் ஊரிலிருந்து திரும்புகையில், சிவப்பு மாறிக் கறுத்த பழங்களைப் பறித்து ஈரத்துணியில் பொதிந்து வந்தேன். வந்த மறுநாளே சதையை நீக்கி விதைத்தேன். மூன்று வாரத்தில் எட்டுக் கன்றுகள் தலைகாட்டின.

தொட்டியின் அடியில் துளை அவசியம். தோட்டமண், மணல், மக்கிய சாணஎரு மூன்றும் சம அளவு போதும். செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுக. பக்கக் கிளைகள் வெடிக்கும்.

இனி, நான் செய்த பிழையைக் கேளுங்கள். ஜனவரி இரவுகளில் தில்லியின் வெப்பம் 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. இலைகள் பழுத்து உதிர்ந்தன. தாகம்போலும் என்று இரங்கி நாள்தோறும் நீர் வார்த்தேன். குளிரில் வளர்ச்சி ஒடுங்கிய செடி அவ்வளவு நீரை உறிஞ்சுமா? வேர் அழுகி ஐந்து மாண்டன. எஞ்சிய மூன்றைப் பகலில் வெயிலிலும் இரவில் அறையிலும் வைத்தேன். மேல்மண் ஒரு விரற்கணு ஆழம் காய்ந்த பின்பே நீர் விட்டேன். தண்டை நகத்தால் கீறினால் பச்சை தெரிந்தது. பச்சை உள்ளவரை உயிர் உண்டன்றோ? மார்ச்சில் துளிர்த்தன.

இச்செடியின் விஞ்ஞானப் பெயரில் ‘கீனிக்’ என்னும் மருத்துவரின் பெயர் ஒட்டியுள்ளது. அவர் 1768-இல் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தரங்கம்பாடிக்கு வந்தவர். கடல் கடந்து வந்தவர் பெயரைத் தாங்கிய செடி, இன்று என்னோடு வடக்கே வந்திருக்கிறது.

வீடு கைமாறிவிட்டது; மரத்தையும் வெட்டிவிட்டார்களாம். அதன் பிள்ளைகள் மூன்றும் விடுதி மாடியில் நிற்கின்றன. ஒன்று எனக்குப் போதும். பனிக்காலத்தில் நீரை அளந்து விடுவோம் என்று உறுதி கூறும் அன்பர் இருவர், தொட்டியுடன் வருக!