விலைக்கு வரம்பு வந்தது; சர்க்கரை அளவின் துல்லியத்துக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: ரத்தத்தில் சர்க்கரை அளவைக் காட்டும் குளுக்கோமீட்டர், 2021 ஜனவரி 1 முதல் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், இக்கருவி உள்பட ஐந்து மருத்துவ சாதனங்களின் வர்த்தக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பை தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் விதித்தது. ஆனால், கிராமத் துணை சுகாதார நிலையத்தில் அக்கருவி காட்டும் எண் சரியானதுதானா என்ற கேள்வி இன்னமும் நீடிக்கிறது.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு, 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ் 30 வயதைக் கடந்தவர்களுக்கு விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கப்படுகிறது. அளவு 140-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது வழிமுறை.

பிழைக்கும் இடமுண்டு

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 2013-ஆம் ஆண்டு விதிப்படி, சர்க்கரை அளவு 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிகள் வரை. நூறு சோதனைகளில் 95 இந்த வரம்புக்குள் இருந்தால் போதும்.

அதாவது, உண்மையில் 155 உள்ளவருக்கு 132 என்று காட்டும் கருவியும் தரமானதே. அவர் வீட்டுக்கு அனுப்பப்படுவார். இன்சுலின் செலுத்திக்கொள்பவருக்கு 60-ஆகச் சரிந்துள்ள அளவை 75 என்று காட்டினாலும் விதிமீறல் இல்லை. ஆனால், அவருக்கு உடனடியாகத் தேவைப்படும் சர்க்கரை கிடைக்காமல் போகும்.

இது புதிய கருவிக்கான கணக்கு. வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் திறந்து கிடந்த 'ஸ்டிரிப்', கழுவாத விரல் ஆகியவை பிழையை மேலும் கூட்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உள்ளதைவிட அதிகமாகவே அளவைக் காட்டுகின்றன. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதால், இதனைச் சிறிய விஷயமாக ஒதுக்கிவிட முடியாது.

ஆய்வகத்திலும் சிக்கல்

ஆய்வகச் சோதனையே இறுதியானது என்றாலும், அங்கும் நேரம் முக்கியம். எடுத்த ரத்தத்தை உடனே பிரித்தெடுக்காமல் சாதாரண வெப்பநிலையில் வைத்திருந்தால், ரத்த அணுக்களே சர்க்கரையை உட்கொண்டு மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைத்துவிடும். வெறும் வயிற்றில் 126 என்பது நீரிழிவு நோய்க்கான எல்லை. 130 உள்ளவரின் ரத்தம் சேகரிப்பு மையத்திலிருந்து ஆய்வகம் சேர இரண்டு மணி நேரமானால், முடிவு 117 என வரக்கூடும்.

பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளதால், மருத்துவ நிறுவனங்களுக்கான 2010-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அதனை ஏற்ற மாநிலங்களில் மட்டுமே செல்லும். தமிழகம் 1997-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. தேசிய அங்கீகார வாரியத்தின் தரச் சான்று பெறுவதோ பொதுவாக ஆய்வகங்களின் விருப்பத்தைப் பொருத்தது.

தீர்வு கடினமானதன்று. அளவு தெரிந்த சோதனைத் திரவத்தைக் கொண்டு கருவியைக் குறித்த காலத்தில் சரிபார்ப்பது, அதனைப் பதிவேட்டில் எழுதுவது, எல்லையை ஒட்டி வரும் முடிவுகளை ஆய்வகத்தில் மீண்டும் சோதிப்பது ஆகியவை போதும். பழுதான சாதனங்கள் குறித்துப் புகார் செய்ய 2015-இல் தொடங்கப்பட்ட தேசியக் கண்காணிப்புத் திட்டமும் உள்ளது.

நாடாளுமன்றத்தில் அளிக்கப்படும் பதில்களில், பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை கோடிகளில் இடம்பெறுகிறது. அவர்களைப் பரிசோதித்த கருவிகளில் எத்தனை சரிபார்க்கப்பட்டவை என்பதையும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.