குச்சியும் நிழலும் ஒன்றுவிட்ட கோணமும்

இரு நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது உண்டாகும் குத்தெதிர்க் கோணங்கள் சமமானவை என்பது எட்டாம் வகுப்பு மாணவர் எவரும் அறிந்த செய்தி. அறிந்ததற்கு அவர்கள் காட்டும் சான்று யாது? பாகைமானியை வைத்து, "இதுவும் 62 பாகை, அதுவும் 62 பாகை" என்பர். சில வேளை ஒன்று 62 ஆகவும் மற்றையது 63 ஆகவும் வந்துவிடும். உடனே 63ஐ அழித்து 62 என எழுதிவிடுவர். இவ்வகுப்புகளிலே கேத்திரகணிதம் கற்பித்து வரும் எனக்குக் கவலை தருவது அந்த அழிறப்பர் வேலைதான். அளந்து கண்டதற்கும் ஆராய்ந்து நிறுவியதற்கும் உள்ள வேற்றுமையை உணராமலே அம்மாணவன் வகுப்பேறிப் போய்விடுகின்றான்.

பழைய கிரேக்கர் இவ்வேற்றுமையை அறிந்திருந்தனர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரொக்கிளசு, யூக்கிளிட்டின் முதற் புத்தகத்துக்கு வரைந்த உரையிலே, குத்தெதிர்க் கோணங்களின் சமத்துவத்தைக் கண்டவர் தேலிசு என்றும், அதற்கு நிறுவல் வேண்டுமெனக் கருதியவர் யூக்கிளிட்டு என்றும் குறிப்பிடுகின்றார். இருவருக்கும் இடையே ஏறக்குறைய 300 ஆண்டுகள். ஆகவே, "கண்ணுக்குத் தெரிவதற்கு நிறுவல் எதற்கு, சேர்?" என்று கேட்கும் மாணவனை நான் கடிந்துகொள்வதில்லை. அது 300 ஆண்டு முதிர்ந்த கேள்வி.

நிறுவலோ இரண்டு வரிதான். ஒரு நேர்கோட்டின்மேல் அடுத்தடுத்துள்ள இரு கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. முதலாம் கோணமும் இரண்டாம் கோணமும் சேர்ந்து 180. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 180. இரண்டிலும் பொதுவாய் நிற்கும் இரண்டாம் கோணத்தை நீக்கினால் எஞ்சுபவை சமமாதல் வேண்டும். கோடுகள் எங்ஙனம் சாய்ந்து வெட்டினும் இது பிழையாது.

இனி, சமாந்தரக் கோடுகள். அவற்றை ஒரு குறுக்கோடி வெட்டும்போது ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள், நேயக் கோணங்கள் எனப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். மாணவர் பெயரை மனனஞ் செய்து பொருளை விட்டுவிடுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற ஒற்றை வாக்கியம் எத்துணை வலியது என்பதை எரத்தோசுதெனிசு காட்டினார். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்தவர் அவர். ஆண்டின் மிக நீண்ட பகலன்று, இன்று அசுவான் எனப்படும் சையீனிலே நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பொருள்களுக்கு நிழல் விழாது. அதே வேளையில் அலெக்சாந்திரியாவிலே நிழல் காட்டிய கோணம் முழு வட்டத்தின் 50இல் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை.

சூரியன் மிகத் தொலைவில் இருத்தலால் அதன் கதிர்களைச் சமாந்தரம் எனக் கொள்ளலாம். அலெக்சாந்திரியாவில் நாட்டிய கோலைப் பூமியின் மையம் வரை மனத்தால் நீட்டினால் அதுவே குறுக்கோடி. கோலின் நுனியிலே கதிர் ஆக்கும் கோணமும், மையத்திலே இரு நகரங்களும் ஆக்கும் கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள். ஆகவே நகரங்களுக்கிடையே உள்ள 5,000 இசுத்தேடியம் பூமியின் சுற்றளவில் 50இல் ஒரு பங்கு. சுற்றளவு 250,000 இசுத்தேடியம். பூமியின் மையத்துக்குப் பாகைமானி கொண்டு சென்றவர் எவருமிலர்!

இக்கணக்கை எகிப்திலேயே விட்டுவிட வேண்டியதில்லை. நம் தேவேந்திரமுனையும் பருத்தித்துறையும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் உள்ளவை. இடைத்தூரம் ஏறக்குறைய 432 கிலோமீற்றர். ஏப்ரில் 5ஆம் திகதியை ஒட்டித் தேவேந்திரமுனைக்கு நேர் உச்சியில் சூரியன் வருகின்றது. அன்று பருத்தித்துறையில் நிலைக்குத்தாக நாட்டிய ஒரு மீற்றர்க் கோலின் மிகக் குறுகிய நிழல் வடக்கே 7 சதமமீற்றருக்குச் சற்றுக் குறைவாக விழும். அளவுப்படம் வரைந்து பாகைமானியை வைத்தால் கோணம் ஏறக்குறைய 4 பாகை. 360ஐ 4ஆல் வகுத்து 432ஆல் பெருக்கினால் 38,880 கிலோமீற்றர் வரும். துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு 40,008 கிலோமீற்றர். நுணுகி அளந்து 3.9 பாகை எனக் கண்டவனுக்கு 39,900க்கு அண்மையில் விடை கிடைக்கும்.

இங்கே பாகைமானிக்கு நேர்மையான தொழில் உண்டு. பாகையின் பத்தில் ஒரு பங்குக்கு ஆயிரம் கிலோமீற்றர் விலை என்பதையும் மாணவன் தானே காண்பான். அழிறப்பரைக் கையிலெடுக்க அவனுக்கு மனம் வராது. தெற்கே ஒரு பாடசாலை, வடக்கே ஒரு பாடசாலை, இரண்டு கோல்கள், ஒரு தொலைபேசி இருந்தாற் போதும். நண்பகல் 12 மணி கடந்து சில நிமிடங்களில் நிழல் மிகக் குறுகும். ஏப்ரிலில் முகில் மறைத்துவிட்டால், செப்டெம்பர் முற்பகுதியிலே சூரியன் மறுபடியும் அவ்வழியே வருகின்றது.